பெட்டிக்குப் பின்னாடி ஒரு இடம்

என் காதை நம்பிச் செங்கல்பட்டுப் பக்கம் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது. பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், எழுதினால் வரி கோணும். ஆனால் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை எதிரே வைத்து ஒரு பாட்டைப் போட்டால், பல்லவி முடிவதற்குள் எந்தக் கோன் தளர்ந்திருக்கிறது, எந்தக் கம்பிச்சுருள் கருகியிருக்கிறது, விற்கிறவன் எதை மறைக்கிறான் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு லாரி பேட்டரி. எல்லாவற்றையும் வாடகை சைக்கிளில் கட்டி மிதித்துத் தொடங்கியவன். வேலையை விட்டபோது என் பேர் எழுதி நாலு வேன் ஓடியது. மகாபலிபுரம் கடற்கரை ரிசார்ட்டுகளில் பெரிய இடத்துக் கல்யாணம் என்றால், மேனேஜர்கள் மெட்ராஸ் ஆட்களைத் தேடுவதற்கு முன்னால் எனக்குத்தான் போன் போடுவார்கள். பெட்டி நல்லதா கெட்டதா என்று நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அப்படிச் சம்பாதித்த பேர்.

போன வருஷம் ஒரு ஜோடி சின்னப் பெட்டி விஷயத்தில் அந்தப் பேர் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு ஒரே மகள். அவளும் சவுண்டு வேலைதான். ஆனால் நான் செய்தது வேறு, அவள் செய்வது வேறு. நான் ஊருக்கே கேட்க வைத்தவன். அவள் ஒரு ரூமில் தனியாக உட்கார்ந்து, விளம்பரம், குறும்படம், யாரோ வாசிக்கிற கதை, இதெல்லாம் கேட்கிற மாதிரி சரிசெய்து கொடுக்கிறாள். மூச்சு பெரிதாக விழுந்தால் குறைப்பாள், பின்னால் மின்விசிறி ஓடினால் எடுத்துவிடுவாள். கூப்பிடு தூரத்தில் வேலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று படூரில் ஒரு அபார்ட்மெண்டில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறாள். நாலு வருஷமாச்சு. என் வீடு இருக்கிற செங்கல்பட்டிலிருந்து படூர் எத்தனை தூரம்? காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடலாம். ஆனால் போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அவள் வேலையில் இருக்கும்போது கதவைத் தட்டினால் வேலை கெடும். அது எனக்குத் தெரியாதா? நானும் அதே வேலை செய்தவன்.

ஏழெட்டு வயசு வரைக்கும் அவள் என் கூடவேதான் திரிந்தாள். லீவு நாளில் நான் கிளம்புகிற சத்தம் கேட்டாலே வேனில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். புதுப்பட்டினம் பக்கம் ஒரு திருவிழா, திருப்போரூர் பக்கம் ஒரு காதுகுத்து, எங்கே போனாலும் மத்தியானம் சாப்பிட்டதும் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். நான் குழாய் கட்டிய கம்பத்துக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்து விடுவேன். குழாய் ஸ்பீக்கர் முன்னால்தான் கத்தும், அதன் பின்னால் போனால் பாதி சத்தம் கூட இருக்காது. ஊரே காதைப் பொத்திக்கொண்டு நடக்கும், என் மகள் பத்தடி தள்ளி வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒரு கண்ணால் மீட்டரையும் ஒரு கண்ணால் அவளையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் கீழ்ச்சத்தத்துக்கென்றே பெரிய பேஸ் பெட்டிகள் வந்தன. பேஸுக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது, நாலு பக்கமும் இடிக்கும். சாக்கு விரிக்க இடமில்லாமல் போனது. அவளும் வளர்ந்துவிட்டாள்.

போன வருஷம் ஆடி முடிகிற சமயம், அவள் போன் செய்தாள். குரலே சரியில்லை. அவள் ரூம் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் படுக்கை அறையாம். அங்கே புதிதாகக் குடிவந்தவர் கம்பெனியில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். இவள் பகலில் பெட்டியைப் போட்டால் அவர் கட்டில் அதிர்கிறதாம். முதலில் சுவரைத் தட்டினார், பிறகு கதவைத் தட்டினார், பிறகு அபார்ட்மெண்டு சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். இனி ஒரு தடவை புகார் வந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லுவோம் என்று செகரட்டரி நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனாராம்.

ஹெட்போன் மாட்டிக்கொள்ளேன் என்றேன். நாளெல்லாம் மாட்டினால் காது வலிக்கிறது, கடைசிக் கணக்கு பெட்டியில்தான் தெரியும் என்றாள். அது சரிதான்.

"ரெண்டு வழிதான் நைனா கீது" என்றாள். "பின்னாடி சத்தம் போவாத பெட்டின்னு ஒண்ணு இப்ப வருது. பெரிய கம்பெனி பெட்டின்னா என்னால தொட முடியாது. இப்ப சின்னக் கம்பெனிக்காரங்க கொறஞ்ச வெலைக்கு பண்றாங்க. அது நெசமாவே வேலை செஞ்சா வாங்கிடுவேன். இல்லாங்காட்டி நம்ம வூட்டு மாடி ரூமுக்கே வந்துட்றேன்."

இல்லாங்காட்டி. அந்த ஒரு சொல்லை நான் எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அந்தப் பெட்டியைப் பரிசோதிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். அவள் பத்து நாள் வெளியூரில் ஒரு ரெக்கார்டிங்குக்குப் போகவேண்டியிருந்தது. படூரில் போட்டுப் பார்த்து ஒரு புகார் வந்தால் கதை முடிந்தது. நைனா உயிரோடு இருக்கும்போது கம்ப்யூட்டரில் யார் யாரோ சொல்வதைக் கேட்டு பெட்டி வாங்குவாயா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். தெரிந்த கடையில் சொல்லி, பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சில், ஒரு ஜோடியைச் செங்கல்பட்டுக்கே அனுப்ப வைத்தாள். ஊருக்குப் போய் வந்ததும் ஒண்ணாந்தேதிக்குள் வீட்டு ஓனருக்குப் பதில் சொல்லவேண்டும், இருக்கிறேன் என்றோ போகிறேன் என்றோ. ஆக, என் வாயில் வருகிற சொல்தான் முடிவு.

அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். முன்னால் ஒரே கோன், அதன் நடுவில் கூர்மையான சத்தத்துக்கு ஒரு சின்ன ட்வீட்டர். கார் ஸ்பீக்கரில் இந்த மாதிரி பார்த்திருக்கிறேன், கோஆக்சியல் என்பார்கள். பேஸ் ஒரு இடத்திலிருந்தும் கூர்மையான சத்தம் இன்னொரு இடத்திலிருந்தும் வராமல் எல்லாம் ஒரே வாயிலிருந்து வரும். பெட்டிக்கு இரண்டு பக்கமும் மீன் செவுள் மாதிரி நீளச் சந்துகள். கூடவே ஒரு காகிதம், முழுக்க இங்கிலீஷ். அதில் ஒரு படம் மட்டும் புரிந்தது. சந்தின் மேல் ஒரு கை, அந்தக் கையின் மேல் பெருக்கல் குறி. விரலை விடாதே என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

பின்பக்கம் சத்தம் போகாது என்பதை நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. மைக்கில் அது உண்டு. கார்டியாய்டு மைக் என்றால் முன்னால் பேசினால் எடுக்கும், பின்னால் பேசினால் எடுக்காது. நான் நூறு மைக் வைத்திருந்தவன். எடுக்கிற பொருளில் நடக்கிற வித்தை, கொடுக்கிற பொருளில் நடக்குமா? அதுவும் பேஸில்?

மாடி ரூமில் ஒரு மேசை போட்டு, பின்சுவரைப் பார்க்க முதுகு காட்டிப் பெட்டிகளை வைத்தேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மாவின் தையல் ரூம். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற பாய் வீட்டு அம்மா, வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறது. படூர் மாதிரியே அமைந்துவிட்டது. ஒயரைச் சொருகினேன், டேப்பை எடுத்தேன், ஒட்டினேன்.

இந்த இடத்தை நன்றாகச் சொல்லவேண்டும். கடலோரத்தில் சவுண்டு வேலை செய்கிறவன் எவனாக இருந்தாலும், பெட்டி கையில் வந்ததும் முதல் வேலை டேப் ஒட்டுவதுதான். உப்புக்காற்று இரும்பைத் தின்னும், காந்தத்தைத் தின்னும், ஒரு சீசனில் புதுப் பெட்டியைப் பாட்டன் பெட்டி ஆக்கிவிடும். முன்னால் இருக்கிற வாயை விட்டுவிட்டு, சந்து என்று கண்ணில் படுகிற எல்லாவற்றையும் கறுப்புத் துணி டேப்பால் அடைத்துவிட்டுத்தான் கரண்டு கொடுப்போம். நாற்பது வருஷமாக என் கை அதைச் செய்கிறது. சட்டை போட்டதும் பொத்தான் போடுகிற மாதிரி. அன்றைக்கும் செய்தது. காகிதத்தில் கைக்குப் பெருக்கல் போட்டிருந்தானே, விரல் போகக்கூடாது என்றால் அடைப்பது நல்லதுதானே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

பரிசோதிப்பதற்கு நான் எப்போதும் போடுவது ஒரு கடல். நானே மகாபலிபுரத்தில் அலைவாய்க்கரையில் மைக் வைத்துப் பிடித்தது. பாட்டில் பெட்டி கொஞ்சம் ஏமாற்றலாம், கடலில் முடியாது. அலை விழுகிறபோது கீழ்ச்சத்தம், நுரை கலைகிறபோது மேல்சத்தம், இரண்டுக்கும் நடுவில் மணலை இழுக்கிற சத்தம். முன்னால் உட்கார்ந்து கேட்டேன். பெட்டியின் குரல் கொஞ்சம் அடைத்த மாதிரி இருந்தது, விலைக்கு இவ்வளவுதான் என்று விட்டேன். இடது பக்கம் நகர்ந்தேன், வலது பக்கம் நகர்ந்தேன், கடல் மாறவில்லை. அது நல்ல விஷயம். பிறகு எங்கள் வழக்கப்படி பெட்டியைச் சுற்றி நடந்தேன். பின்னால் போனால் கும்மென்று அலை விழுகிறது. எந்தப் பெட்டியும் பின்னால் செய்கிற அதே காரியம்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். மிஷினை நிறுத்தாமலே சொன்னது. "இன்னாண்ணே, மேல மாவு இடிக்கிறீங்களா?"

படி ஏறி வரும்போது எனக்கு மூச்சு வாங்கவில்லை. ஐம்பது வயசில் ஏறின மாதிரி ஏறினேன்.

அன்றைக்கே மகளுக்குச் சொல்லிவிட்டேன். பின்னாடி போகாது என்பதெல்லாம் டூப்பு, காசைக் கொட்டாதே, பெட்டி சுமார், சுவருக்கு அந்தப் பக்கம் மாவு இடிக்கிறது என்றேன். நல்லாக் கேட்டியா என்றாள். யாரைக் கேட்கிறாய் என்றேன். சரி நைனா, நீ சொன்னா சரி, அப்ப மாசக்கடைசில வந்துட்றேன் என்றாள். அந்தக் குரலில் ஒரு வீட்டைப் பூட்டுகிற சத்தம் இருந்தது. எனக்கு அப்போது அது கேட்கவில்லை. என் காது வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம். என் வாழ்க்கையில் அந்த மாதிரி வாரம் கொஞ்சம்தான். மாடி ரூமுக்கு வெள்ளை அடிக்க வைத்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது படுத்த இரும்புக் கட்டிலை இறக்கி பெயிண்ட் பூசினேன். ஜன்னல் கதவு கிறீச்சிடும், அது அவள் ரெக்கார்டிங்கில் விழும் என்று எண்ணெய் போட்டேன். மெட்ராஸ் மின்சார ரயில் போகிறபோது அந்த ரூமில் எவ்வளவு கேட்கிறது என்று ரெண்டு நாள் உட்கார்ந்து கேட்டேன். காலையில் அவள் இறங்கி வந்து டீ கேட்பதும், நான் போட்டுக் கொடுப்பதும், சர்க்கரை ஜாஸ்தி என்று அவள் திட்டுவதும் எனக்கு முன்கூட்டியே நடந்துகொண்டிருந்தது. பஜாரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் மகள் வருகிறாள் என்றேன்.

என் வீட்டுக்காரி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப்பட்டினத்திலிருந்து வருகிற மீன்காரியிடம் மாசக்கடைசிக்கு நல்ல வஞ்சிரம் எடுத்து வைக்கச் சொன்னவள்தான். ஆனாலும் கட்டிலுக்குப் பெயிண்ட் காய்கிறதா என்று நான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"ஏன்யா, அவளா வரேன்னாளா, நீ வர வெச்சியா?"

"நான் இன்னா பண்ணேன்? பெட்டி சரியில்ல."

"பெட்டி சரியில்லன்னதுக்கு இம்மாம் சந்தோசப்பட்ட ஆள இப்பதான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஒன்பதாம் நாள், கடைக்குத் திருப்பி அனுப்புவதற்காகப் பெட்டியில் ஒட்டின டேப்பைப் பிரித்தேன். கோந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்தவன் பொருள், வந்த மாதிரியே போகவேண்டும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தேன், சந்துக்குள் போன பிசிறைக் குச்சியால் எடுத்தேன். துடைக்கும்போது ஏதாவது கெடுத்துவிட்டேனா என்று பார்க்க ஒரு தடவை ஒயரைச் சொருகிக் கடலைப் போட்டேன்.

முன்னால் கேட்டதுமே கை நின்றுவிட்டது. அடைப்பு இல்லை. அலைக்கும் நுரைக்கும் நடுவில் இருந்த மூடியை எடுத்த மாதிரி இருந்தது. மணலை இழுக்கிற சத்தத்தில் கிளிஞ்சல் தனியாக உருளுகிறது. அதை ரெக்கார்டு செய்தவன் நான், அதில் கிளிஞ்சல் இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மெதுவாகப் பெட்டியைச் சுற்றி நடந்தேன். பக்கவாட்டில் வந்தேன், அலை இளைத்தது. பின்னால் போனேன். கடல் உள்வாங்கிவிட்டது. முழுக்க இல்லை என்று சொல்ல மாட்டேன், ரொம்ப அடியில் ஒரு மூச்சு இருந்தது, தெருக்கோடியில் லாரி போகிற மாதிரி. அவ்வளவுதான். மறுபடி முன்னால் வந்தால் கடல். பின்னால் போனால் இல்லை. நாலு தடவை நடந்தேன். அந்தச் சந்துகள் வெறும் சந்துகள் இல்லை. பெட்டிக்கு உள்ளே பின்னால் போகிற சத்தத்தை அங்கே விட்டு, வெளியே பின்னால் வளைகிற சத்தத்தை அதாலேயே அமுக்குகிறான், பெட்டி செய்தவன். அதை அடைத்துவிட்டு, பெட்டி சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மிஷினை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டது. "ஒண்ணும் வரலயே. ஒங்க வூட்ல கரண்டு போயிடுச்சாண்ணே?"

மறுபடி மேலே வந்து பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கவில்லை, காலை நீட்டிக்கொண்டேன். எதிரே வெள்ளை அடித்த சுவர், எனக்கும் சுவருக்கும் நடுவில் மூன்றடி. அந்த மூன்றடியில் அமைதி இருந்தது. ஒரு சாக்கு விரிக்கிற அளவு இடம். எத்தனை வருஷமாச்சு, பெட்டிக்குப் பின்னால் இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்து. பக்கத்தில் ஒரு குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளலாம். நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் அவளுக்குப் போன் செய்யவில்லை. சொல்லும்போது மறைக்கக்கூடாது, செய்யவில்லை. ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்தது. டேப் விஷயம் உலகத்தில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். பெட்டி திரும்பிப் போய்விடும், மகள் வந்துவிடுவாள், கட்டிலில் பெயிண்டும் காய்ந்துவிட்டது. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது ஒரு பொய்யா?

மறுநாள் வீட்டில் இருக்கமுடியாமல் பஸ் ஏறி மகாபலிபுரம் போனேன். எனக்குப் பழக்கமான ஒரு ரிசார்ட்டில் சாயங்கால ரிசப்ஷனுக்கு மணலில் மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு யாரோ சவுண்டு. வாசலில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டு உள்ளே விட்டார். பேஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். எல்லாச் சந்திலும் டேப், ஒழுங்காக ஒட்டியிருந்தான். வேலை தெரிந்தவன். சோதனைக்கு அவன் பேஸைப் போட்டதும் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அங்கே நின்றுகொண்டிருந்தபோது பழைய விஷயம் ஒன்று நினைவுக்கு வந்தது.

இதே கடற்கரையில் ஒரு ஓட்டல் முதலாளி, எனக்குப் போட்டியாக இருந்தவனுடைய பெட்டிகளைக் காட்டி, இது மட்டம் என்று தன் பார்ட்னர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லு, இந்த வருஷம் முழுக்க வேலை உனக்குத்தான் என்றார். பெட்டிகளைக் கேட்டேன். நல்ல பெட்டிகள். நல்ல பெட்டி சார், என்னுதைவிட நல்லாகீது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வருஷம் வேலை போனது. அதற்கப்புறம் என் சொல்லுக்கு வந்த மதிப்பு போகவில்லை. படிக்காதவனிடம் வேறு என்ன இருக்கிறது? சர்டிபிகேட்டா இருக்கிறது? பெட்டியைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை என்பதுதான் இருக்கிறது. என் மகள் நல்லாக் கேட்டியா என்று ஒரு தடவைதான் கேட்டாள், இரண்டாம் தடவை கேட்கவில்லை. அதுவும் அதனால்தான்.

கடலைப் பார்த்துக்கொண்டே போன் போட்டேன். அவள் அன்றைக்குக் காலையில்தான் படூர் வந்திருந்தாள். அட்டைப்பெட்டி வாங்கி வந்து புஸ்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாளாம்.

"பெட்டி நல்லாகீதுமா" என்றேன்.

"எந்தப் பெட்டி?"

"அதான், அதே பெட்டி. நான் சந்துல டேப் ஒட்டிப்புட்டேன். பிரிச்சுக் கேட்டேன், பின்னாடி ஒண்ணும் வரல."

"டேப் எதுக்கு ஒட்டுன?"

"உப்புக்காத்துக்கு."

என் பக்கம் அலைச்சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். பிறகு சொன்னாள்.

"செங்கல்பட்டுல ஏது நைனா உப்புக்காத்து?"

சாமி சத்தியமாகப் பழக்கத்தில் ஒட்டினது. இன்றைக்கும் அதையே சொல்கிறேன். ஆனால் நாற்பது வருஷப் பழக்கம் கடற்கரைக்கு உரியது. வீட்டு மாடியில், வெள்ளை அடிக்காத ரூமில், கொளவாய் ஏரிக் காற்று அடிக்கிற இடத்தில், கை ஏன் டேப்பைத் தேடியது? என் வீட்டுக்காரி கேட்டதும் இதுதான். எனக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருக்கலாம்.

"ஓனர்கிட்ட சொல்லிட்டியா?" என்றேன்.

"நாளைக்கு சொல்லலாம்னு இருந்தேன்." அட்டைப்பெட்டியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "இப்ப இன்னா பண்ணட்டும் நைனா? வரட்டுமா, வேணாவா?"

வா என்று சொல்ல ஒரு எழுத்து போதும். மூன்றாம் வகுப்பே தேவையில்லை, முதல் வகுப்பு போதும்.

"பெட்டி நல்லாகீது" என்றேன். "அத மட்டுந்தாம்மா நான் சொல்ல முடியும்."

அவள் கடைக்குப் பணம் அனுப்பி அந்தப் பெட்டியையே வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு வந்தாள். மாடி ரூமைப் பார்த்தாள், கட்டிலைத் தொட்டாள், சமையல்கட்டுக்கு இறங்கி வந்து பெயிண்ட் எப்ப அடிச்ச என்று கேட்டாள். போன பொங்கலுக்கே அடிச்சது என்றேன். என் வீட்டுக்காரி அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டே வஞ்சிரத்தைத் திருப்பிப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் பெட்டியைப் போட்டுக் கேட்டோம். மகள் முன்னால் உட்கார்ந்து கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டு, தலையை இப்படி அப்படித் திருப்பி. பிறகு எழுந்து பின்னால் போனாள். அங்கேயே தரையில் உட்கார்ந்தவள் வரவே இல்லை. எட்டிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், நான் உட்கார்ந்த அதே இடம்.

"இங்க நல்லாகீது நைனா" என்றாள்.

நான் முன்னால் போய் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினேன், அவ்வளவுதான்.

படூரில் பெட்டியை வைக்க நானும் போனேன். சுவரிலிருந்து எத்தனை சாண், எந்தக் கோணம், எல்லாம் நான்தான். அவள் அளவு டேப்பை எடுத்தாள், நான் காதால் வைத்த பிறகு அளந்து பார்த்தாள், சரியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். ராத்திரி வேலைக்காரர், முப்பது வயசு இருக்கும், கண்ணெல்லாம் தூக்கம், கைலியோடு வந்து நின்றார். புதுப் பெட்டி வைத்திருக்கிறோம் தம்பி, உங்க பக்கம் வருதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா என்றேன். நல்ல மனுஷன், உள்ளே விட்டார். கட்டிலை ஒட்டி இருந்தது அந்தச் சுவர். அவர் கட்டிலிலேயே என்னை உட்காரச் சொன்னார்.

போன் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மகள்.

"போட்டுட்டேன் நைனா. நீ குடுத்த கடல்தான். கேக்குதா?"

சுவரில் காதை வைத்தேன். சுண்ணாம்பு ஜில்லென்றிருந்தது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலி நகர்கிறதா, தொண்டையைச் செருமுகிறாளா என்று தேடினேன். ஒன்றும் இல்லை.

"கேக்கல" என்றேன்.

"நல்லா கேளு. இன்னும் ஏத்தறேன்."

கேட்டேன். இந்த மாவட்டமே நம்பின காதை முழுக்கக் கொடுத்துக் கேட்டேன்.

"கேக்கலம்மா. ஒண்ணுமே கேக்கல."

அவள் சிரித்தாள், போனில். அப்புறம் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, பாத்தாச்சா சார் என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் தம்பி" என்று சொல்லிவிட்டுக் காதைச் சுவரிலேயே வைத்திருந்தேன்.